முரசு நோய்க்கு ஒட்சிசன் வைத்தியமா?

முரசில் இரத்தம் கசிவதை நமது தோட்டத்துப் பெண்கள் நோய் என்று நினைப்பதில்லை. "உடம்புச் சூடு" என்பார்கள். பல் ஆடத் தொடங்கினால் "வயசாகுது" என்பார்கள். அப்படிச் சொல்பவருக்கு வயது முப்பத்தைந்துதான் இருக்கும். வயிற்று வலிக்கும் காய்ச்சலுக்கும் டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள், முரசு வீங்கினால் கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்கள்.

தாய்மார் சங்கக் கூட்டங்களுக்காக நான் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் வருகிறவள். அங்கே அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "அக்கா, முரசுக்கு ஒட்சிசன் வைத்தியம் வந்திருக்காமே, அதைச் செய்தால் ஆடுற பல்லும் நின்றுவிடுமாமே, உண்மையா?"

கேள்வி கைத்தொலைபேசி வழியாக வந்தது. கொழும்பில் வேலை செய்யும் மகனோ மகளோ ஒரு படத்தை அனுப்புகிறார்கள். அதில் பளிச்சென்ற பற்களும் நீல நிறக் குமிழிகளும் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் ஒட்சிசன் என்ற சொல் லயத்துக்கு லயம் பேசப்பட்டது. மூச்சுத் திணறியவரைக் காப்பாற்றிய வாயு, முரசையும் காப்பாற்றும் என்று ஒருவர் நம்பினால் அதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எவ்வளவு வியாபாரம் இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதற்காகத் தோட்டை அடகு வைக்கப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

காற்றுப் புகாத இடத்தில் குடியிருக்கும் கிருமிகள்

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். சாப்பிட்ட பிறகு பல்லின் மேல் வழுவழுப்பாக ஒரு படலம் படிகிறது. அது வெறும் சோற்றுத் துணுக்கு அல்ல; கோடிக்கணக்கான கிருமிகள் கூடிக் கட்டிய வீடு. தினமும் துலக்கினால் அது போய்விடும். துலக்காமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள உப்புகள் அதில் படிந்து கல்லுப்போல் இறுகிவிடும். அதைத்தான் பற்காறை என்கிறோம். காறை பிடித்துவிட்டால் பிரஷ்ஷினாலோ கரியினாலோ அதை எடுக்க முடியாது.

பல்லுக்கும் முரசுக்கும் இடையில் இயற்கையாகவே ஒரு சிறு பள்ளம் உண்டு. நல்ல வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றர் வரைதான். அழுக்குப் படிந்தால் முரசு சிவந்து வீங்கும்; தொட்டால் இரத்தம் வரும். இது முதற்கட்டம். இந்தக் கட்டத்தில் கவனித்தால் முழுவதும் குணமாகும். கவனிக்காவிட்டால், எல்லோருக்கும் அல்ல, பலருக்கு, அந்தப் பள்ளம் 4, 5, 7 மில்லிமீற்றர் என்று ஆழமாகிப் பைபோல் ஆகிவிடும். உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. பல் ஆடுவது அதனால்தான்.

அந்த ஆழமான பையில் காற்று மிகக் குறைவு. அங்கே செழித்து வளர்வது ஒட்சிசன் இல்லாமல் வாழும் கிருமி இனங்கள். சிலவற்றுக்கு ஒட்சிசன் நஞ்சுபோல. "அப்படியென்றால் ஒட்சிசனை உள்ளே விட்டால் அவை செத்துப்போகுமே" என்று யாருக்கும் தோன்றும். வைத்தியர்களுக்கும் தோன்றியது. ஒட்சிசன் வைத்தியத்தின் வேர் இதுதான். ஆகவே அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

ஒரே பெயர், பல வைத்தியம்

ஒட்சிசன் வைத்தியம் என்ற பெயரில் பேசப்படுபவை ஒன்றல்ல.

முதலாவது, ஐதரசன் பேரொட்சைட்டு. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே மருந்து. நமது திசுவில் உள்ள ஒரு நொதியம் பட்டவுடன் அது தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரியும். நுரை என்பது அந்த ஒட்சிசன் குமிழிகள்தான். முதலாம் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு முரசு புண்ணாகி அழுகும் நோய் வந்தது. அந்தக் காலத்தில் அதற்கு வாய் கொப்பளிக்க இதைக் கொடுத்தார்கள். இன்றும் வைத்தியர்கள் சில வேளைகளில் சில நாட்களுக்கு மட்டும், தண்ணீர் கலந்து ஐதாக்கிக் கொப்பளிக்கச் சொல்வதுண்டு. ஆனால் குமிழி வெளியே நுரைக்கிறதே தவிர, ஆழமான பையின் அடி வரை போய் நிற்பதில்லை. செறிவு கூடினால் வாய்த் தோல் வெந்துபோகும். விழுங்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்குத் தரவே கூடாது. காயம் கழுவ வாங்கிவைத்த போத்தலை எடுத்துத் தானாகவே வாயில் ஊற்றுவது ஆபத்து.

இரண்டாவது, ஒட்சிசன் வெளிவிடும் களிம்புகளும் ஓசோன் வாயுவும். ஓசோன் என்பது ஒட்சிசனின் இன்னொரு வடிவம், கிருமியைக் கொல்லக்கூடியது. ஆனால் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கெடுதி. இவற்றைப் பற்றிப் பல நாடுகளில் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. காறையை எடுத்த பிறகு கூடுதலாகப் பூசினால் சிலருக்கு இரத்தக் கசிவு கொஞ்சம் குறைந்தது. சிலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. காறையை எடுக்காமல் இவற்றை மட்டும் பூசி நோயைத் தீர்த்ததாக உறுதியான சான்று இல்லை.

மூன்றாவது, அழுத்த அறை வைத்தியம். நோயாளியை மூடிய அறைக்குள் வைத்து, சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்வார்கள். ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இப்படி இருபது முப்பது முறை. கடலில் ஆழமாகச் சுழியோடி வேகமாக மேலே வந்து நோய்ப்பட்டவர்களைக் காப்பாற்ற இந்த அறை பயன்படுகிறது. புற்றுநோய்க்காகத் தாடையில் கதிர் வைத்தியம் செய்தவர்களுக்குப் பல் பிடுங்கும்போது எலும்பு அழுகாமலிருக்க இது உதவும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பிரித்தானியாவை மையமாக வைத்து நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த அறைக்குள் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சாதாரண முரசு நோய்க்கு இதைச் சிறு அளவில் சோதித்தவர்கள் சில நன்மைகளைக் கண்டதாகச் சொல்கிறார்கள். என்றாலும் முரசு நோய்க்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியமாக இது எங்கும் ஆகவில்லை. செலவும் அதிகம்; காதுக்குள் அழுத்தம், கண் பார்வையில் தற்காலிக மாற்றம் போன்ற தொல்லைகளும் உண்டு.

ஒரு குளிசை காட்டிய உண்மை

காற்றில்லாமல் வாழும் கிருமிகளைத் தாக்கினால் முரசு ஆறும் என்பது தற்செயலாகத்தான் உறுதியானது. அதற்குக் காரணமானவர் ஒரு பெண். 1962இல் இங்கிலாந்தில் பெண்களின் பிறப்புறுப்புத் தொற்றுக்காக மெட்ரோனிடசோல் என்ற குளிசையை எடுத்துவந்த ஒருவருக்கு, முரசுப் புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டது. அதை அவரே வைத்தியரிடம் சொன்னார். ஷின் என்ற பல் வைத்தியர் அதைக் கவனித்து மருத்துவ இதழில் எழுதினார். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளைத்தான் அந்தக் குளிசை கொல்கிறது என்பது பின்னர் விளங்கியது. தன் உடம்பில் கண்டதை ஒரு பெண் வாய் திறந்து சொன்னதால் கிடைத்த அறிவு இது.

இதைப் படித்துவிட்டு யாரும் பாமசியில் அந்தக் குளிசையை வாங்கிப் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. மதுவோடு சேர்த்தால் வாந்தியும் மயக்கமும் வரலாம். அந்தக் குளிசையும் காறையைக் கரைப்பதில்லை. காறை இருக்கும் வரை கிருமிகள் திரும்பி வந்து குடியேறும்.

நமது தோட்டங்களில் நடந்த உலகப் புகழ் பெற்ற ஆய்வு

முரசு நோய் எப்படி வளர்கிறது என்பதை உலகம் கற்றுக்கொண்டது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாயிலிருந்துதான். இதை நம்மில் பலர் அறியோம்.

நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்ற பல் விஞ்ஞானி 1965இல் டென்மார்க்கில் ஒரு சிறு சோதனை செய்தார். ஆரோக்கியமான முரசுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது. அழுக்கே காரணம், துலக்குவதே மருந்து என்பது இதனால் ஐயமின்றித் தெரிந்தது.

அவரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1970இல் இலங்கைக்கு வந்தார்கள். பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார்கள். அந்த மனிதர்கள் பல் துலக்கும் வழக்கம் இல்லாதவர்கள். பல் வைத்தியத்தைக் கண்டதும் இல்லை. வைத்தியம் எதுவும் இல்லாவிட்டால் நோய் தன் போக்கில் எப்படிப் போகும் என்பதைப் பார்ப்பதே ஆய்வின் நோக்கம். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். முதலில் இருந்தவர்களில் 161 பேர் அப்போதும் இருந்தார்கள். முடிவு 1986இல் வெளியானது.

எல்லோருடைய பல்லிலும் அழுக்கும் காறையும் நிறைந்திருந்தன. ஆனால் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. 100க்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாகப் பரவியது. அவர்களுக்கு 35 வயதில் 12 பல் போயிருந்தது. 45 வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 100க்கு 81 பேருக்கு நோய் மெதுவாக நகர்ந்து 45 வயதில் சராசரி 7 பற்களைக் கொண்டுபோனது. மீதி 11 பேருக்கு முரசு வீக்கத்துக்கு மேல் எதுவும் ஆகவில்லை. அதே தொழிலாளரில் 75 பேரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்து மீண்டும் பார்த்து, அந்த முடிவை 2017இல் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள்.

"என் அப்பாயி பல்லே துலக்காம தொண்ணூறு வயசு வரைக்கும் கரும்பு கடிச்சா" என்று நமது ஊரில் சொல்வார்கள். அது பொய்யல்ல. அப்பாயி அந்த 11 பேரில் ஒருவர். ஆனால் பேத்தி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. தெரியாதவரை துலக்குவதுதான் அறிவு.

அந்தக் கணக்கில் இல்லாத பெண்கள்

அந்த ஆய்வில் எண்ணப்பட்ட 480 பேரும் ஆண்கள். அதே மலையில் கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்களின் வாயை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பெண்களுக்கென்று தனியான சங்கடங்கள் இருக்கின்றன.

கர்ப்ப காலத்தில் உடலில் ஏற்படும் மாற்றத்தால் முரசு எளிதில் வீங்கும். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் இரத்தக் கசிவு தொடங்கி எட்டாம் மாதம் வரை கூடும். "பிள்ளைக்கு ஒரு பல் போகும்" என்று சொல்வது இதை வைத்துத்தான். பிள்ளை தாயின் பல்லை எடுப்பதில்லை. குமட்டுகிறது என்று துலக்காமல் விடுவதும், இரத்தம் வருகிறது என்று பயந்து பிரஷ்ஷைத் தள்ளி வைப்பதும்தான் பல்லைக் கொண்டுபோகின்றன. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் பல்லையும் காட்டச் சொன்னால் கட்டாயம் போக வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை காறை எடுப்பதற்கு வசதியான காலம்.

அடுத்தது வெற்றிலை. மலையில் குளிரும் பசியும் தெரியாமலிருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று காலையிலேயே போட்டுக்கொள்கிறோம். வெற்றிலை போட்டால் பல் உறுதி என்று நம்புகிறோம். உண்மையில் சிவந்த எச்சில் முரசிலிருந்து வரும் இரத்தத்தை மறைத்துவிடுகிறது. நோய் உள்ளே ஓடுவது தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்ட நூலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கன்னத்தின் உட்புறம் வெள்ளை, சிவப்புத் தழும்பு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். அதற்கு ஒட்சிசன் களிம்பைப் பூசிக்கொண்டு காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது நீரிழிவு. இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் முரசு நோய் வேகமாகும். முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஒன்றையொன்று வளர்க்கும் இரட்டை நோய் இது. முரசைக் குணப்படுத்தினால் சீனியும் ஓரளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

நான் சொன்ன பெண்ணின் கதையும் இதுதான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர், வயது 41. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கீழ்வரிசை முன்பற்கள் ஆடின. காலையில் தலையணையில் இரத்தக் கறை. வாய் நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, கூட்டத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார். கொழும்பிலிருந்து மகன் அனுப்பிய விளம்பரத்தை நம்பி, ஒட்சிசன் வைத்தியத்துக்குத் தோட்டை அடகு வைக்கத் தீர்மானித்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "முதலில் பதுளையில் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுவோம் தங்கச்சி. பிறகு அடகுக் கடைக்குப் போவோம்" என்றேன்.

பல் வைத்தியர் சிங்களத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன். அளவு குறித்த மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் அளந்தார். சில இடங்களில் 7 மில்லிமீற்றர் ஆழம். ஒட்சிசனைப் பற்றி நான் கேட்டதும் சிரித்துவிட்டு, "வாயுவை எந்த வழியாக விடுவது? வழியெல்லாம் காறை அடைத்திருக்கிறதே. முதலில் வழியைச் சுத்தம் செய்வோம்" என்றார். பிறகு கேட்டார்: "இரவில் அடிக்கடி சிறுநீர் போகிறதா? தாகம் எடுக்கிறதா?" அந்தப் பெண் என்னைப் பார்த்தார். இரண்டுக்கும் ஆம் என்றுதான் பதில். இரத்தப் பரிசோதனையில் சீனி மிக அதிகம் என்று தெரிந்தது. ஒட்சிசன் வைத்தியத்துக்குப் போயிருந்தால் இந்த நோய் இன்னும் எத்தனை வருடம் மறைந்திருந்திருக்குமோ!

மூன்று முறை போய்வந்தோம். ஒரு பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றில் காறையை எடுத்தார்கள். சீனிக்குக் குளிசை தொடங்கினார். வெற்றிலையை விட அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. இப்போது முரசில் இரத்தம் இல்லை. போன எலும்பு வரவில்லை. ஆனால் மிச்சமிருக்கும் பற்கள் நிற்கின்றன. "மூணு நாள் பேர் போச்சு அக்கா. ஆனா தோடு காதுல இருக்கு" என்றார்.

நாம் செய்யக்கூடியவை

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் புளோரைட்டுப் பற்பசையும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவுத் துலக்கல் மிக முக்கியம். முரசும் பல்லும் சேருமிடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து மெதுவாகத் தேயுங்கள். அடுப்புக்கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும்.

இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் நிற்காவிட்டால் பல் வைத்தியரிடம் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காறை எடுப்பது இலவசம். காறை எடுத்தால் பல் ஆடும் என்பது தவறு. ஏற்கெனவே ஆடிய பல்லைக் காறை சீமெந்துபோல் பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது வீக்கத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் அது துலக்குவதற்குப் பதிலாகாது. முரசு நோயுள்ளவர்கள் சீனியைப் பரிசோதியுங்கள். சீனி நோயுள்ளவர்கள் முரசைக் காட்டுங்கள்.

யாராவது ஒட்சிசன் வைத்தியம் என்று பணம் கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீங்கள் பதிவு பெற்ற பல் வைத்தியரா? முரசின் ஆழத்தை அளந்தீர்களா? காறையை முதலில் எடுப்பீர்களா? ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, தனியாக ஒரு பெண்ணால் செய்ய முடியாதது. பல் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகிறது; அதனால்தான் பல் ஆடும்வரை காத்திருக்கிறோம். உங்கள் தாய்மார் சங்கத்தில் இருபது கையெழுத்துச் சேர்த்து, சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திடம் நடமாடும் பல் கிளினிக் ஒன்றைத் தோட்டத்துக்கு அனுப்பக் கேளுங்கள். கிளினிக் நாளில் பேர் வெட்டாமலிருக்கத் தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் பேசுங்கள். கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள்.

நமது தோட்டத்து ஆண்களின் வாய் உலகத்துக்குப் பாடமானது. அந்தப் பாடத்தின் பயன் நமது பெண்களின் வாய்க்கும் வந்து சேர வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு பிரஷ், ஒரு கிளினிக் துண்டு, வாயை மூடியிருக்கும் சேலைத் தலைப்பை விலக்கி "எனக்கு முரசில் இரத்தம் வருகிறது" என்று சொல்லும் துணிவு, இவை போதும் சகோதரிகளே.